இரண்டு சேனல் ஒதுக்கி வைத்த செல்லில் அழைப்பு ஏன் அறுகிறது?

இந்த ஆய்வு ஒரே ஒரு செல்லைப் பற்றியது, அதாவது மொபைல் வலையமைப்பில் ஒரு கோபுரம் சேவை தரும் பகுதியைப் பற்றியது. அது எந்த நிறுவனத்தின் செல்லும் அல்ல, கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக அமைத்துக்கொண்டது. எவ்வளவு சுமை, எவ்வளவு கொள்ளளவு என்பவை நான் தேர்ந்தெடுத்தவை. பிரேமின் (தரவு காற்றில் போகும் காலத் துண்டு) அமைப்பு, ஸ்லாட்டின் (பிரேமைப் பங்கிடும் சிறு அலகு) அளவு, மாடுலேஷன் (தரவை ரேடியோ அலையில் ஏற்றும் முறை) வகைகள், சமன்பாடுகள் எல்லாம் உண்மையான வலையமைப்புகளில் உள்ளபடியே இருக்கின்றன. ஒரு விரிதாளைத் திறந்து யார் வேண்டுமானாலும் ஒவ்வொரு எண்ணையும் சரிபார்க்கலாம்.

செல் ஐஇஇஇ 802.16இ வகையைச் சேர்ந்தது. அதாவது 2005-இல் வந்த, நகரும் பயனர்களுக்கான வைமேக்ஸ் என்ற கம்பியில்லா அகன்ற அலைவரிசைத் தரநிலை. 10 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 5 மில்லிசெகண்டுக்கு ஒரு பிரேம். இதில் குரல் அழைப்புகளுக்கென்று உறுதி செய்யப்பட்ட பங்கு 20 அழைப்புகளைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். பரபரப்பான ஒரு மணி நேரத்தில் 200 புது அழைப்புகள் வருகின்றன. அவை போக, பக்கத்துச் செல்களில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும் 80 அழைப்புகள், பேசுபவர் நகர்வதால், ஹேண்ட்ஓவர் (ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல்) வழியாக உள்ளே நுழைகின்றன. ஒவ்வொரு அழைப்பும் சராசரியாக 3 நிமிடம் இந்தச் செல்லில் தங்குகிறது. எர்லாங் கணக்கில், அதாவது மணிக்கு வரும் அழைப்புகளைத் தங்கும் நேரத்தால் (மணியில்) பெருக்கினால், புதியவை 10, ஹேண்ட்ஓவர் 4, மொத்தம் 14.

வடிவமைப்பாளரின் முன் உள்ள நிபந்தனை ஒன்றுதான்: உள்ளே வரும் ஹேண்ட்ஓவர் அழைப்புகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் இடமில்லாமல் போகக் கூடாது. பேசத் தொடங்கும் முன்பே இணைப்பு கிடைக்காவிட்டால் இன்னொரு முறை முயலலாம். பேச்சின் நடுவில் அறுந்தால் அதுவரை செலவழித்த ரேடியோ வளமும் வீண், பேசியவருக்கும் அது பெரிய குறை. இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் முன்னுரிமை இது.

முதல் கணக்கு

எந்த ஒதுக்கீடும் இல்லாமல் முதலில் பார்ப்போம். யார் வந்தாலும் இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1917-இல் வெளியிட்ட சமன்பாடே இதற்குப் போதும். 20 இடங்களுக்கு 14 எர்லாங் சுமை என்றால் மறுப்பு 3.0 சதவீதம். புதியவருக்கும் அதே, ஹேண்ட்ஓவருக்கும் அதே. மணிக்கு 6 புது அழைப்புகளும் 2.4 ஹேண்ட்ஓவர்களும் திருப்பி அனுப்பப்படும். நிபந்தனையைப் போல ஆறு மடங்கு.

அடுத்து, காவல் சேனல் முறை. ஹாங், ராப்பபோர்ட் இருவரும் 1986-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பாடப்புத்தகங்களில் நிலைபெற்ற உத்தி இது. கடைசிச் சில இடங்களைப் புது அழைப்புகளுக்குத் தருவதில்லை, ஹேண்ட்ஓவருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். ஓர் இடம் ஒதுக்கினால் புது அழைப்பு மறுப்பு 5.3 சதவீதமாக ஏறும், ஹேண்ட்ஓவர் தோல்வி 0.88-ஆக இறங்கும். இரண்டு இடம் என்றால் 7.7-உம் 0.26-உம். மூன்று என்றால் 10.8-உம் 0.08-உம்.

நிபந்தனை 0.5. அதனால் இரண்டு சேனல். வேலை முடிந்தது போலத் தெரிகிறது.

ஆனால் இந்த எண்களுக்குள் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. முதல் சேனலை ஒதுக்கும்போது, காப்பாற்றப்படும் ஒவ்வொரு ஹேண்ட்ஓவருக்கும் ஏறக்குறைய 2.7 புது அழைப்புகளைக் கூடுதலாக மறுக்கிறோம். இரண்டாவது சேனலில் அந்த விலை 10. மூன்றாவதில் 41. ஒரே சேனல்தான், ஆனால் ஒவ்வொரு படிக்கும் விலை நான்கு மடங்காகிக்கொண்டே போகிறது. அனுபவமுள்ள பொறியாளர்கள் "பாதுகாப்புக்கு இன்னொன்று சேர்த்துப் போடலாம்" என்று சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான். மூன்றாவது சேனலைப் போட்டால் 16 மணி நேரத்துக்கு ஒரு ஹேண்ட்ஓவர்தான் தோற்கும். ஆனால் மணிக்கு 21 பேர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

இந்த விலையைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டு. ராம்ஜி, டௌஸ்லி, நாகராஜன் மூவரும் 1990-களில் காட்டியது: ஹேண்ட்ஓவர் தோல்விக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டு, அந்த வரம்புக்குள் புது அழைப்பு மறுப்பை மிகக் குறைவாக வைக்க வேண்டுமென்றால், முழுச் சேனலாக ஒதுக்காமல் பின்னமாக ஒதுக்குவதே சிறந்தது. நம் செல்லில் 18 இடங்கள் நிரம்பியிருக்கும்போது வரும் புது அழைப்புகளில் மூன்றில் ஒன்றை மட்டும் அனுமதிப்போம், 19 நிரம்பினால் எதையும் அனுமதிக்க மாட்டோம் என்று வைத்தால், ஹேண்ட்ஓவர் தோல்வி 0.47 சதவீதம், புது அழைப்பு மறுப்பு 6.9 சதவீதம். நிபந்தனையும் நிறைவேறுகிறது, மணிக்கு ஒன்றரைப் பேருக்கு மேல் கூடுதலாக இடமும் கிடைக்கிறது. பேஸ் ஸ்டேஷனின் (கோபுரத்திலுள்ள ரேடியோ கருவி) மென்பொருளில் இதற்கு ஒரு தற்செயல் எண்ணும் ஓர் ஒப்பீடும் போதும்.

ஒதுக்கிய இடம் சும்மா கிடக்கிறதா?

பழைய செல்லுலார் தொலைபேசியில் ஒதுக்கி வைத்த சேனல், யாரும் வராத நேரத்தில் உண்மையிலேயே வெறுமையாகக் கிடந்தது. அகன்ற அலைவரிசை வலையமைப்பில் அப்படி இருக்க வேண்டியதில்லை. முன்பதிவு என்பது இங்கே ஒரு வாக்குறுதி மட்டுமே. காற்றில் போகும் ஸ்லாட்டுகளை ஷெட்யூலர் ஒவ்வொரு பிரேமிலும் புதிதாகப் பங்கிடுகிறது. ஒதுக்கிய ஸ்லாட்டுகளை இந்தப் பிரேமில் யாரும் கேட்காவிட்டால் மின்னஞ்சலுக்கும் கோப்பு இறக்கத்துக்கும் கொடுத்துவிடலாம். கேட்டால் அடுத்த 5 மில்லிசெகண்டில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

802.16 இதற்கென்றே அழைப்பின் வாழ்க்கையை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலில் இந்தப் பயனருக்கு இன்ன சேவை உண்டு என்று பதிவாகி இருக்கும் நிலை. அடுத்தது அனுமதிக்கப்பட்ட நிலை: வளம் பிடித்து வைக்கப்பட்டாயிற்று, ஆனால் இன்னும் ஓட்டம் தொடங்கவில்லை. மூன்றாவது, செயல்படும் நிலை. மணி அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அழைப்பு இரண்டாம் நிலையில் நிற்கும். எதிர்முனை எடுத்ததும் மூன்றாம் நிலைக்குப் போகும். எடுத்த பிறகு "இடமில்லை" என்று சொல்லும் அவலம் இதனால் தவிர்க்கப்படுகிறது. இதற்கான கேள்வி, பதில், உறுதி என்ற மூன்று செய்திகளையும் தரநிலை வகுத்திருக்கிறது.

ஆனால் எந்த அடிப்படையில் ஆம் என்பது, எந்த அடிப்படையில் இல்லை என்பது? அதைத் தரநிலை சொல்லவில்லை, தயாரிப்பாளரிடம் விட்டுவிட்டது. எல்டிஇ (4ஜி) வலையமைப்பிலும் இதே கதைதான். பேரருக்கு (ஓர் இணைப்பின் தரவுப் பாதைக்கு) ஒரு சேவை வகை எண், ஏஆர்பி என்ற 1 முதல் 15 வரையிலான முன்னுரிமை, பிறரை வெளியேற்றும் உரிமை உண்டா, பிறரால் வெளியேற்றப்படலாமா என்ற இரண்டு கொடிகள் வந்து சேரும். அவற்றைப் பார்த்து முடிவெடுக்கும் அல்காரிதம் அந்தந்த பேஸ் ஸ்டேஷனுக்குள் இருக்கிறது. ஆகவே ஒரே தரநிலையைப் பின்பற்றும் இரண்டு வலையமைப்புகள் ஒரே சுமையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்ள முடியும். அனுமதிக் கட்டுப்பாட்டை (எந்த அழைப்பை ஏற்பது என்று முடிவெடுக்கும் பகுதியை) வாங்கும்போது கருவியின் குறிப்பேட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

சேனல் கணக்கு இங்கேதான் உடைகிறது

இதுவரை ஓர் அழைப்பு என்றால் ஓர் இடம் என்றே எண்ணினோம். தொலைபேசிச் சுற்றுகள் காலத்தில் அது உண்மை. இங்கே ஓர் அழைப்பு காற்றில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

ஒரு ஸ்லாட்டில் 48 தரவுக் குறியீடுகள் உண்டு. செல்லின் ஓரத்தில் சிக்னல் பலவீனமாக இருப்பவருக்குக் க்யூபிஎஸ்கே 1/2 என்ற மெதுவான மாடுலேஷன்தான் கிடைக்கும் (பின்னம், பிழைதிருத்தத் தகவல் போக மிஞ்சும் பங்கு). அதில் ஒரு ஸ்லாட்டுக்கு 6 பைட். நடுத்தர தூரத்தில் 16-க்யூஏஎம் 1/2 என்றால் 12 பைட். கோபுரத்தின் அருகில் 64-க்யூஏஎம் 3/4 என்றால் 27 பைட். இப்போது ஜி.729 கோடெக்கில் (குரலைத் தரவாகச் சுருக்கும் முறையில்) ஒரு குரல் பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிசெகண்டுக்கு 20 பைட் குரல். அதன் மேல் ஆர்டிபி, யூடிபி, ஐபி என்ற இணைய நெறிமுறைகளின் தலைப்புகள் சேர்ந்து 40 பைட். அப்புறம் 802.16-இன் சொந்தத் தலைப்பு 6 பைட். மொத்தம் 66. அருகில் இருப்பவருக்கு இது 3 ஸ்லாட், நடுவில் 6, ஓரத்தில் 11.

மேல் இணைப்பில் (பயனரிடமிருந்து கோபுரத்துக்கு) 35 துணைச் சேனல்கள், தரவுக்கு 12 சிம்பல்கள், ஒரு ஸ்லாட்டுக்கு 3 சிம்பல் என்று வைத்தால் பிரேமுக்கு 140 ஸ்லாட், 20 மில்லிசெகண்டுக்கு 560. முழுவதையும் குரலுக்கே கொடுத்தாலும், ஒரு பாக்கெட்டை இரண்டு பிரேமுக்குப் பிரிக்காமல் வைத்தால், எல்லோரும் ஓரத்தில் நின்றால் 48 அழைப்புகள்தான், எல்லோரும் அருகில் நின்றால் 184. "இந்தச் செல் எத்தனை அழைப்பைத் தாங்கும்?" என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் எதுவும் பதிலாகலாம்.

நம் செல்லின் 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? குரலின் உறுதிப்பங்கு 20 மில்லிசெகண்டுக்கு 120 ஸ்லாட், நடுத்தர தூரத்தில் ஆளுக்கு 6, ஆக 20. சராசரியை வைத்துப் போட்ட கணக்கு. அப்படியானால் ஒதுக்கி வைத்த இரண்டு சேனல் என்பது 12 ஸ்லாட்.

ஹேண்ட்ஓவர் அழைப்பு எங்கே வந்து நுழைகிறது? ஓரத்தில். வேறெங்கும் நுழைய வழியே இல்லை, ஹேண்ட்ஓவர் என்பதே இரண்டு செல்களின் எல்லையில் நடப்பது. அங்கே அதற்கு 11 ஸ்லாட் வேண்டும். இரண்டு பேருக்கென்று நாம் எடுத்து வைத்த இடம் ஒருவருக்குத்தான் போதும்.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்று பார்க்க, பல அளவு அழைப்புகளுக்கான காஃப்மன்–ராபர்ட்ஸ் சமன்பாட்டைப் பயன்படுத்தலாம். இருவரும் தனித்தனியே 1981-இல் தந்தது. கணக்கு எளிதாக 11 ஸ்லாட்டை 12 என்று முழுமையாக்கி, ஹேண்ட்ஓவர் அழைப்பு இரண்டு அலகு, புது அழைப்பு ஓர் அலகு, மொத்தம் 20 அலகு என்று வைக்கிறேன். சுமை பழையபடி 10-உம் 4-உம். ஒதுக்கீடு எதுவும் இல்லாவிட்டால் புது அழைப்பு மறுப்பு 9.7 சதவீதம், ஹேண்ட்ஓவர் தோல்வி 20 சதவீதம்! நாம் முன்னுரிமை தர நினைத்தவர்தான் இரண்டு மடங்கு அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுகிறார். பெரிய இடம் வேண்டியவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு அலகு காலியாக இருக்க வேண்டும், ஓர் அலகு காலியானதும் சிறியவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

அதே சமன்பாட்டை ஒதுக்கீட்டுக்கு ஏற்பத் திருத்திய தோராய முறையில், இரண்டு அலகு ஒதுக்கினால் ஹேண்ட்ஓவர் தோல்வி சுமார் 10 சதவீதம் வருகிறது. காகிதத்தில் 0.26 என்று கையெழுத்திட்ட அதே ஒதுக்கீடு. இது மோசமான எல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே வந்தவர் கடைசி வரை ஓரத்திலேயே இருப்பார் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. பலர் உள்நோக்கி நகர்வார்கள், அவர்களின் செலவு 6-க்கோ 3-க்கோ இறங்கும். தவிர, இங்கே இடம் மறுக்கப்பட்ட ஹேண்ட்ஓவர் எல்லாம் உடனே அறுந்துவிடாது. பழைய செல்லின் சிக்னல் தாங்கும் வரை அங்கேயே தொங்கலாம், மூன்றாவது செல் ஒன்று ஏற்கலாம். ஆனாலும் 0.26-க்கும் 10-க்கும் இடையே இருக்கும் இந்தப் பள்ளத்தை இவை இரண்டும் நிரப்பிவிடா.

இன்னொரு ஓட்டையும் இதே இடத்தில் இருக்கிறது. செல்லுக்குள்ளேயே இருப்பவர் நகர்ந்தாலும் செலவு மாறும். நடுத்தர தூரத்தில் அனுமதி பெற்ற நான்கு பேர் ஓரத்துக்குப் போனால் 20 ஸ்லாட் கூடுதலாக வேண்டும். நம்மிடம் இருப்பு 12. புதிதாக யாரும் வரவில்லை, எந்த ஹேண்ட்ஓவரும் நடக்கவில்லை, அனுமதிக் கட்டுப்பாட்டின் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை, ஆனாலும் செல் நெரிசலில் விழுந்துவிட்டது. குரல் உடைந்து உடைந்து வரும், ஆனால் அழைப்பு மறுப்புக் கவுண்டர் பூச்சியத்தில் நிற்கும். புள்ளிவிவரத்தை மட்டும் பார்க்கும் கண்காணிப்பு மையத்துக்கு இந்தச் செல் ஆரோக்கியமாகத்தான் தெரியும். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

சுமை இடம் மாறும்போது

அளவுப் பிரச்சினையை ஒரு நிமிடம் மறந்து, எல்லா அழைப்பும் ஓர் இடம் என்ற பழைய கணக்குக்கே திரும்புவோம். போக்குவரத்து நெரிசலோ கூட்டம் கலையும் நேரமோ, ஹேண்ட்ஓவர் வரத்து மணிக்கு 80-இலிருந்து 160 ஆகிறது. புது அழைப்பு அதே 200. இரண்டு சேனல் ஒதுக்கீட்டில் ஹேண்ட்ஓவர் தோல்வி 0.26-இலிருந்து 2.55-ஆகப் பத்து மடங்கு ஏறுகிறது. நிபந்தனைக்குள் திரும்ப வர ஐந்து சேனல் ஒதுக்க வேண்டும். அப்போது தோல்வி 0.39, ஆனால் புது அழைப்பு மறுப்பு 42 சதவீதம்.

ஐந்தில் இரண்டு பேரைத் திருப்பி அனுப்பும் செல்லை "நன்றாகக் கட்டுப்படுத்தப்பட்ட செல்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பற்றாக்குறையை யார் தலையில் வைப்பது என்பதைத்தான் அனுமதிக் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. பற்றாக்குறையை அது ஒரு துளியும் குறைப்பதில்லை. ஒதுக்கீட்டை எவ்வளவு புத்திசாலித்தனமாக மாற்றினாலும் இந்தச் செல்லுக்கு வேண்டியது கூடுதல் கொள்ளளவு. அதைச் சொல்லும் அபாய மணியாக மறுப்பு விகிதத்தைப் பயன்படுத்த வேண்டுமே தவிர, ஒதுக்கீட்டைத் திருகித் திருகி அந்த மணியை அடக்கக் கூடாது.

மாறும் சுமைக்கு மாறும் ஒதுக்கீடு தேவை என்பதில் சந்தேகமில்லை. பக்கத்துச் செல்களில் இப்போது எத்தனை அழைப்புகள், அவற்றில் எத்தனை நம் பக்கம் நகர்கின்றன என்று பார்த்து இருப்பை ஏற்றி இறக்கலாம். லெவின், அகில்டிஸ், நக்ஷினே ஆகியோர் 1997-இல் முன்வைத்த நிழல் கொத்து முறை இதன் முழு வடிவம். நகரும் ஒவ்வொரு பயனரும் தன்னைச் சுற்றியுள்ள செல்களின் மேல் ஒரு நிழல் வீசுவதாக வைத்து, போகும் திசையில் அது அடர்த்தியாகவும் மற்றப் பக்கம் மெலிந்தும் இருக்கும், அந்த அடர்த்திக்கு ஏற்ப ஒவ்வொரு செல்லும் இடம் வைக்கும். அழகான சிந்தனை. ஆனால் பயனரின் போக்கை அறிய வேண்டும், செல்களுக்கிடையே ஓயாமல் செய்தி போக வேண்டும். நடைமுறையில் கடந்த சில நிமிடங்களின் ஹேண்ட்ஓவர் வரத்தை அளந்து, தோல்வி கூடினால் இருப்பை ஒரு படி ஏற்றுவது, நீண்ட நேரம் தோல்வியே இல்லையென்றால் ஒரு படி இறக்குவது என்ற எளிய முறையே பெரும்பகுதி பலனைத் தந்துவிடும். ஏற்றுவது வேகமாகவும் இறக்குவது மெதுவாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் செல்லுக்கு நான் செய்யும் திருத்தங்கள்

முதலாவது, எண்ணும் அலகை மாற்றுவது. அழைப்பு எண்ணிக்கையும் வேண்டாம், கிலோபிட் கணக்கும் வேண்டாம். எல்லாவற்றையும் ஸ்லாட்டில் எண்ண வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் அப்போதைய மாடுலேஷனில் எத்தனை ஸ்லாட் செலவு என்று ஷெட்யூலருக்குத் தெரியும், அதே எண்ணை அனுமதிப் பகுதியும் படிக்கட்டும். ஒதுக்கீட்டையும் ஓரத்து விலையில் வைக்க வேண்டும்: இரண்டு ஹேண்ட்ஓவருக்கு 22 ஸ்லாட். உள்ளிருப்பவர் ஓரத்துக்கு நகர்வதற்குத் தனியாக ஓர் இருப்பு. அதன் அளவை, மாடுலேஷன் எத்தனை முறை கீழிறங்குகிறது என்று அந்தச் செல்லிலேயே அளந்து முடிவு செய்ய வேண்டும், பொதுவான எண் எதுவும் எல்லாச் செல்லுக்கும் பொருந்தாது.

இப்படி ஒதுக்கினால் புது அழைப்புகளுக்கு மிஞ்சும் இடம் மிகவும் சுருங்கும். அதனால் இரண்டாவது திருத்தம் கொள்ளளவைக் கூட்டுவது. இதற்குப் புதுக் கோபுரம் தேவைப்படாமலும் போகலாம். 20 பைட் குரலுக்கு 40 பைட் தலைப்பு சுமப்பதைப் பாருங்கள். தலைப்புச் சுருக்கத்தை இயக்கினால் அந்த 40, சுமார் 3 பைட் ஆகும். பாக்கெட் 66-இலிருந்து 29-க்கு இறங்கும். ஓரத்தில் 11 ஸ்லாட் 5 ஆகிறது, நடுவில் 6 ஸ்லாட் 3 ஆகிறது. அதே 120 ஸ்லாட்டில் நடுத்தர அழைப்புகள் 40 கொள்ளும். நம் 10-உம் 4-உம் ஆன சுமைக்கு, ஹேண்ட்ஓவரை இரண்டு பங்காக எண்ணினாலும், மறுப்பும் தோல்வியும் கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்குப் போய்விடும். காவல் சேனலைப் பற்றி எத்தனை நுட்பமான ஆய்வு செய்தாலும் கிடைக்காத பலன் இது.

இதில் ஒரு கவனம் தேவை. சுருக்கத்துக்கு இரு முனைகளும் தலைப்பின் நிலையான பகுதிகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஹேண்ட்ஓவரில் அந்த நினைவு புது பேஸ் ஸ்டேஷனுக்குப் போகாவிட்டால் முதல் சில பாக்கெட்டுகள் முழுத் தலைப்போடுதான் போகும். அதாவது அழைப்பு ஓரத்தில் நுழையும் அதே நேரத்தில், ஒரு சிறு பொழுதுக்கு, பழைய 11 ஸ்லாட் செலவு திரும்பி வரும். ஆகவே ஹேண்ட்ஓவர் இருப்பைச் சுருக்கிய அளவில் வைக்காமல் முழு அளவிலேயே வைத்திருப்பது நல்லது. இருப்பில் உள்ள ஸ்லாட்டைத்தான் சாதாரணத் தரவு பயன்படுத்திக்கொண்டே இருக்கிறதே, பெரிய இழப்பு இல்லை. அழைப்புகள் கூடக் கூட, யாருக்கு எந்த ஸ்லாட் என்று பிரேமின் தொடக்கத்தில் அறிவிக்கும் வரைபடமும் பெரிதாகும். அது எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதால் உறுதியான, மெதுவான மாடுலேஷனில் போகிறது. கீழ் இணைப்பில் அதற்கான இடத்தையும் அனுமதிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, சேவை வகை. குரலை யூஜிஎஸ் வகையில் வைத்தால், பேசுபவர் மௌனமாக இருக்கும்போதும் ஸ்லாட் வந்துகொண்டே இருக்கும். 802.16இ கொண்டுவந்த இஆர்டிபிஎஸ் வகையில் மௌனத்தின்போது ஒதுக்கீட்டைச் சுருக்கிக்கொள்ளலாம். ஒருவர் 40 சதவீத நேரம்தான் பேசுகிறார் என்ற வழக்கமான அனுமானத்தில், 20 அழைப்புகளுக்கான இடத்தில் 30 அழைப்புகளை அனுமதித்தால், ஒரே தருணத்தில் 20-க்கு மேற்பட்டோர் பேசும் வாய்ப்பு 0.09 சதவீதம்தான். இந்த மிகைப்பதிவை நான் தயங்காமல் செய்வேன், ஆனால் கோடெக் உண்மையிலேயே மௌனத்தை அடக்குகிறதா என்று உறுதி செய்த பிறகுதான். அடக்காத கருவி வந்தால் இந்த 30 ஒரு பொறியாகிவிடும்.

வீடியோ அழைப்பைப் பற்றிச் சுருக்கமாக. குரல் மட்டும் இருந்த முதல் கணக்கில் மறுப்பு 3 சதவீதம் என்று பார்த்தோம். அதே செல்லில், அதே நேரத்தில், எப்போதாவது வரும் ஐந்து இட அளவுள்ள ஒரு வீடியோ அழைப்புக்கு மறுப்பு 30 சதவீதம். அதற்காக ஐந்து இடங்களை நிரந்தரமாக ஒதுக்குவது நியாயமாகாது. வீடியோவுக்கு உச்ச வேகம், குறைந்தபட்ச வேகம் என்று இரண்டு எண்கள் உண்டு. அனுமதியைக் குறைந்தபட்சத்தை வைத்துத் தரலாம், இடம் இருக்கும்போது உச்சம் வரை விடலாம், ஹேண்ட்ஓவர் வந்தால் ஏற்கனவே ஓடும் வீடியோக்களைக் குறைந்தபட்சத்தை நோக்கி இறக்கலாம். படம் கொஞ்சம் மங்கும், ஒருவருடைய பேச்சு அறுபடாது. எல்டிஇ-யில் ஏஆர்பி கொடிகளைக் கொண்டு ஒருவரை முழுவதுமாக வெளியேற்றவும் முடியும். அவசர அழைப்புக்கு அதை வைத்துக்கொள்வதே சரி, அன்றாட நெரிசலுக்கு அதைக் கையாள்வதை நான் ஏற்க மாட்டேன்.

கடைசியாகக் கவுண்டர்கள். புது அழைப்பு மறுப்பு, ஹேண்ட்ஓவர் மறுப்பு, மறுக்கப்பட்ட ஹேண்ட்ஓவரில் உண்மையில் அறுந்தவை, செல்லுக்குள்ளேயே மாடுலேஷன் இறங்கியதால் கூடுதல் ஸ்லாட் கேட்டுக் கிடைக்காமல் போனவை: இந்த நான்கும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும், மேல் இணைப்புக்கும் கீழ் இணைப்புக்கும் வேறு வேறாக. நான்காவது கவுண்டர் பல அமைப்புகளில் மற்றவற்றோடு கலந்து கிடக்கும் அல்லது இருக்கவே இருக்காது. மேலே சொன்ன திருத்தங்களில் எதையும் தொடங்கும் முன் அதைச் சேர்த்துவிட்டு, பரபரப்பான நேரங்களில் சில வாரங்கள் ஓடவிட்டு, அதன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒதுக்கீட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும்.